ஈரலில் ஒளிந்திருக்கும் வம்சம்

பெரம்பலூர், அரியலூர் ஆடுகளின் வயிற்றில் வளரும் நீர்க்கட்டிகளை நாய்க்கு எறிகிறோம். அவை ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியவை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் செந்துறையிலும் உடையார்பாளையத்திலும் கறிக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். தோலுரித்துத் தொங்கும் ஆட்டின் வயிற்றைக் கீறிக் குடலையும் ஈரலையும் வெளியே எடுக்கும்போது, எப்போதாவது ஓர் ஈரலில் வெளிறிய கட்டி ஒன்று புடைத்து நிற்கும். அழுத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தளும்புவது கைக்குத் தெரியும். கடைக்காரர் அந்த இடத்தை மட்டும் அரிந்து கடைக்குப் பின்புறம் வீசுகிறார். மிச்ச ஈரல் தராசுக்குப் போகிறது, வீசிய துண்டு நாய்க்குப் போகிறது. இதில் யாருக்கும் தவறு தோன்றுவதில்லை. கெட்டதைத் தள்ளிவிட்டு நல்லதைத்தானே விற்கிறார்!

ஆனால் ஒரு நாயின் வாய்க்குப் போய்ச் சேர்வதற்காகவே அந்தக் கட்டிக்குள் ஓர் உயிர் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தது.

அதன் பெயர் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளும் வெள்ளைப் புழுதான் நம் நினைவுக்கு வரும். இதுவோ நாயின் சிறுகுடலில் 2 முதல் 7 மில்லிமீட்டர் வரைதான் வளர்கிறது. உடம்பில் பெரும்பாலும் மூன்று, நான்கு கணுக்கள்தான். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாய் வாட்டமில்லாமல் ஓடித் திரியும். அதன் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லிலும் குளத்தோரத்திலும் காய்கறித் தோட்டத்திலும் கலந்துவிடும். ஈரமும் நிழலும் வாய்த்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேயும் ஆடோ மாடோ எருமையோ அந்த முட்டையை விழுங்கினால், உள்ளிருந்து வெளிப்படும் இளம்புழு குடலின் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்த் தங்கிவிடும். அங்கே நீர் நிறைந்த கட்டியாகப் பருக்கும். ஹைடாடிட் கட்டி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கட்டியின் உட்சுவரில் ஆயிரமாயிரம் புழுத்தலைகள் அரும்புகின்றன. அந்த உறுப்பை ஒரு நாய் தின்றுவிட்டால் ஒவ்வொரு தலையும் ஒரு புழு.

மனிதர் இந்தச் சுழற்சிக்குள் தற்செயலாக அகப்படுகிறவர். கறி தின்பதால் நமக்கு இந்த நோய் வருவதில்லை. நாயின் மலத்தில் உள்ள முட்டை நம் வாய்க்குள் போனால்தான் வரும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் குழந்தை, சரியாகக் கழுவாத கீரை, நாய்கள் புழங்கும் ஊருணித் தண்ணீர் என்று வழிகள் பல. பத்தில் ஏழு பேருக்குக் கட்டி ஈரலில் வருகிறது, இரண்டு பேருக்கு நுரையீரலில். மெல்ல வளர்வதால் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஓர் அறிகுறியும் இருக்காது. உள்ளேயே உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிர் போகும் ஆபத்து உண்டு. சிந்திய நீரிலிருந்து புதிய கட்டிகளும் முளைக்கும். அல்பெண்டசோல் மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பது, ஊசியால் நீரை உறிஞ்சி மருந்து செலுத்துவது, அறுவை சிகிச்சை என்று கட்டியின் பருவத்தைப் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் உலகில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்தியாவில் இது அதிகம் பதிவாகும் பகுதிகளாக மருத்துவ நூல்கள் ஆந்திரத்தையும் தமிழகத்தையும் சேர்த்தே சொல்கின்றன. கர்நூல் வட்டாரத்தில் இந்த நோய் பரவும் விதத்தை 1968லேயே மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். கர்நூலும் நம் பெரம்பலூரைப் போல மானாவாரி பூமிதான், ஆட்டுக் கிடைகள் நகரும் ஊர்தான். இந்த நோயால் நாடு ஆண்டுதோறும் இழப்பது சுமார் 1,147 கோடி ரூபாய் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கால்நடைகளால் வரும் இழப்பு. கழித்து எறியும் ஈரல் அதில் ஒரு சிறு துளிதான். குறையும் பாலும் ஏறாத எடையும் கணக்கில் பெரியவை. அவை ஆடு வளர்ப்பவரின் கண்ணில் படுவதே இல்லை.

ஒரே பெயர், பல கிளை

1786இல் பாட்ச் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் புழுவுக்குப் பெயர் வைத்தார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உலகெங்கும் இது ஒரே புழு என்றுதான் பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால் கால்நடை மருத்துவர்களுக்கு உறுத்தல் இருந்தது. குதிரையில் கட்டி உண்டாக்கும் புழு மனிதரை அநேகமாகத் தொடுவதில்லை. ஆட்டில் வளரும் புழுவோ மனிதரை எளிதில் பிடிக்கிறது. ஓர் ஊரில் மாட்டின் கட்டியில் உயிருள்ள புழுத்தலைகள் நிறைந்திருக்கின்றன. இன்னோர் ஊரில் மாட்டின் கட்டி வெறும் தண்ணீராக இருக்கிறது. ஒரே புழு இப்படி ஊருக்கு ஊர் குணம் மாறுமா?

1992இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பௌல்ஸ், பிளேர், மெக்மானஸ் ஆகிய மூவரும் இதற்கு விடை தந்தார்கள். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் கூடம் இருக்கிறது. அதற்கென்று தனி மரபணுக்கள் உண்டு. அவற்றில் காக்ஸ்1 என்ற மரபணுவின் ஒரு துண்டை, வெறும் 366 எழுத்து நீளமுள்ள துண்டை, பல நாட்டுப் புழுக்களிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துப் படித்தார்கள். எழுத்துகள் ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாடுகளை வைத்துப் புழுக்களைக் கிளைகளாகப் பிரித்தார்கள். ஜி1 ஆட்டு வகை, ஜி3 எருமை வகை, ஜி4 குதிரை வகை, ஜி5 மாட்டு வகை, ஜி6 ஒட்டக வகை, ஜி7 பன்றி வகை என்று பின்னாளில் ஜி10 வரை பட்டியல் நீண்டது. இன்று குதிரை வகையும் மாட்டு வகையும் தனித்தனி இனங்களாகவே பிரிக்கப்பட்டுவிட்டன. ஜி2 என்பது தனிக் கிளையல்ல, ஜி3இன் ஒரு சாயல்தான் என்று எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகக் குழு 2017இல் நிறுவியது. பட்டியல் இன்னும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தப் புழுவின் இனப்பெருக்கமே வேறுபாடுகளை அடக்கி வைக்கக்கூடியது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு புழுவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. தன்னைத் தானே சினைப்படுத்திக்கொள்ளும். ஒரு முட்டையிலிருந்து ஒரு கட்டி, அந்தக் கட்டிக்குள் ஆயிரக்கணக்கான தலைகள், எல்லாம் அச்சு மாறாத நகல்கள். ஒரு கட்டியைத் தின்ற நாயின் குடலில் நிறைந்திருப்பது எண்ணிக்கையில் ஒரு படை, மரபில் ஒரே ஆள். இப்படி இருந்தும் இத்தனை கிளைகள் உருவாகியிருக்கின்றன என்றால், ஆட்டையும் மாட்டையும் எருமையையும் மனிதர் எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக நாடுவிட்டு நாடு ஓட்டிச் சென்றிருக்க வேண்டும்! ஆடு வளர்ப்பு தோன்றிய மேற்காசியாவிலிருந்து ஆட்டு வகைப் புழு உலகெங்கும் பரவியிருக்க வேண்டும் என்பதற்கு மரபணுச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. மந்தைகள் போன பாதை எழுத்தில் பதிவாகவில்லை, புழுவின் உடம்பில் பதிவாகியிருக்கிறது.

இந்தியாவில் எந்தக் கிளை இருக்கிறது? மேற்கு இந்தியாவில் மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றின் கட்டிகளை எடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் எருமை வகையான ஜி3 சுமார் 63 விழுக்காடு இருந்தது. மாட்டு வகையான ஜி5 ஏறத்தாழ 20 விழுக்காடு. உலகின் மற்ற பகுதிகளில் கோலோச்சும் ஆட்டு வகை ஜி1 இங்கே 13 விழுக்காடுதான். பஞ்சாபில் கால்நடைகளிடமும் மனிதரிடமும் எடுத்த கட்டிகளிலும் ஜி3 முன்னணியில் இருந்தது. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2013இல் வட இந்திய நோயாளிகளின் கட்டிகளைப் பரிசோதித்தபோது ஜி3, ஜி1 இரண்டும் பெரும்பான்மையாக இருந்தன. மாட்டு வகையும் ஒட்டக வகையும்கூட மனிதரிடம் கிடைத்தன. உலகப் பாடநூல்கள் ஆட்டு வகையை மையமாக வைத்து எழுதப்பட்டவை. இந்தியாவின் புழு வேறு முகம் கொண்டது என்பதுதான் இந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து சொல்வது.

எழுத்து மாறினால் நாள் மாறும்

ஆய்வுக்கூடத்துக்காரர்கள் எழுத்தை எண்ணட்டும், ஆடு வளர்ப்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு நாட்கணக்கைப் பார்த்தாலே போதும்.

கட்டியைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து முட்டையிடத் தொடங்க ஆட்டு வகைக்குச் சுமார் 45 நாள் ஆகிறது. அதனால்தான் நியூசிலாந்து போன்ற நாடுகளில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாய்க்குப் புழு மருந்து கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். முட்டையிடும் முன்பே புழுவைக் கொன்றுவிட்டால் மேய்ச்சல் நிலம் சுத்தமாக இருக்கும். ஆனால் மாட்டு வகைப் புழு 33, 35 நாளிலேயே முட்டையிடத் தயாராகிவிடுகிறது. ஓர் ஊரில் ஜி5 இருந்தால், ஆறு வாரக் கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் திட்டம் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பிந்திப்போகும். அந்த ஒரு வாரத்தில் முட்டைகள் தரையில் இறங்கிவிடும். பணமும் செலவாகும், ஆட்களும் அலைவார்கள், பலன் மட்டும் வராது.

எந்தக் கால்நடை நாய்க்குப் புழுவைக் கொடுக்கிறது என்பதும் கிளையைப் பொறுத்ததுதான். ஆட்டு வகைப் புழு மாட்டுக்குள் போனால் கட்டி வரும், ஆனால் அதில் பெரும்பாலும் புழுத்தலைகள் இருக்காது. அப்படிப்பட்ட மலட்டுக் கட்டியை நாய் தின்றாலும் அதோடு முடிந்தது. மாட்டு வகைப் புழு மாட்டின் நுரையீரலில் வளர்ந்தால் அது செழிப்பான கட்டி, அதைத் தின்ற நாய் அடுத்த மாதமே முட்டை பரப்பும். ஈரலின் மேல் தெரியும் கட்டியைக் கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே கதைதான். ஆடுகளுக்கான ஈஜி95 என்ற தடுப்பூசியை 1990களில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். சோதனைகளில் அது 95 விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்பு தந்தது. ஆட்டு வகைப் புழுவின் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட ஊசி அது. ஒட்டக வகையில் அதே புரதம் வேறு வடிவத்தில் இருப்பதைப் பின்னர் கண்டார்கள். நம் மண்ணில் ஊசி போடும் காலம் வந்தால், எந்தக் கிளைக்கு எதிராகப் போடுகிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2012இல் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019 கணக்கெடுப்பில் 5.19 லட்சமாகக் குறைந்துவிட்டன. எருமை போனால் எருமை வகைப் புழுவும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பெயர்தான் எருமை வகை. ஜி3 மாட்டிலும் ஆட்டிலும் மனிதரிலும் தாராளமாக வாழ்கிறது. முதன்முதலில் எருமையில் கண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கிடையும் சந்தையும்

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி 45 லட்சம். பெரம்பலூர் வட்டாரத்தின் சொத்து திருச்சி கறுப்பு என்ற செம்மறி. சிறிய உடம்பு, கறுத்த நிறம், வறட்சிக்கு அஞ்சாத ஆடு. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எடுத்து முடிந்த காடுகளில் கிடை போட்டு, புழுக்கையை உரமாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. கிடைக்குக் காவல் நாய். நாயில்லாமல் கிடை இல்லை. புழுவுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. ஆடும் நாயும் ஒரே வயலில் இரவு முழுக்கப் படுத்திருக்கின்றன.

நான் முதலில் அஞ்சுவது கறிக்கடையை அல்ல. கறிக்கு அறுபடுவது பெரும்பாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட கிடாக்குட்டி. கட்டி பெருத்துப் புழுத்தலைகள் அரும்ப ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் குட்டியில் அது முற்றியிருக்காது. உண்மையான ஆபத்து, ஐந்தாறு ஈத்து ஈன்று ஓய்ந்து பட்டியிலேயே செத்துப்போகும் கிழட்டுப் பெட்டையில் இருக்கிறது. அதை ஓடைக்கரையிலோ கருவேலங்காட்டிலோ இழுத்துப் போட்டுவிடுகிறோம். இரவோடு இரவாக நாய்கள் வயிற்றைக் கிழித்துவிடும். குலதெய்வக் கோயில் படையலிலும் கழிவுக் குடல் குவியல் வயல்வெளியிலேயே கிடக்கிறது. செத்த ஆட்டைப் புதைக்க ஒரு குழி தோண்டுவது இந்த வட்டாரத்தில் யாராலும் முடியாத காரியமல்ல. அந்த ஒரு குழி பல மருந்துகளைவிட வலிமையானது.

ஆடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. கடலூர் மாவட்ட எல்லையில் வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும், தெற்கே சமயபுரம் சந்தைக்கும் இந்தப் பக்கத்து ஆடுகள் ஏறுகின்றன. அங்கிருந்து வேறு ஊர் ஆடுகள் இங்கே வந்து இறங்குகின்றன. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் லட்சக்கணக்கான ஆடுகள் வாங்கி வழங்கப்பட்டன. ஏழைப் பெண்களுக்குக் கைகொடுத்த நல்ல திட்டம் அது. ஆடு இடம் மாறும்போது புழுவின் கிளையும் கூடவே இடம் மாறும் என்பதையும் நாம் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் பெருநகர ஆட்டுத்தொட்டியில் எடுக்கும் மாதிரியைவிட நம் கிராமத்தில் எடுக்கும் மாதிரிக்கு மதிப்பு அதிகம். நகரத்தில் அறுபடும் ஆடு எந்தச் சந்தை வழியாக எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? இங்கே ஆட்டுக்காரர் யார், அது மேய்ந்த காடு எது, கூட இருந்த நாய் எது என்பது வரை சொல்லிவிடலாம்.

ஆட்டின் வயிற்றில் காணும் எல்லா நீர்ப்பையும் ஹைடாடிட் அல்ல. குடலைச் சுற்றிய கொழுப்புச் சவ்வில் மெல்லிய தோல்பை ஒன்று கழுத்து நீண்டு தொங்கும். உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது டீனியா ஹைடாடிஜீனா என்ற வேறொரு நாடாப்புழுவின் பருவம். அதுவும் நாயிடமிருந்து வருவதுதான், மனிதரைத் தாக்குவதில்லை. ஈரலுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ புதைந்து, தடித்த வெண்சுவரோடு இருப்பதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கட்டி. இன்னொன்று, ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். மண்டையைத் திறந்தால் மூளையில் நீர்ப்பை இருக்கும். இது டீனியா மல்டிசெப்ஸ். வெள்ளாடுகளில் இதே மாதிரிப் பை தோலுக்கடியிலும் தசையிலும் வருவதுண்டு. அதை நெடுங்காலம் தனி இனமாக வைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்த பிறகு அதுவும் மல்டிசெப்ஸின் ஒரு வேறுபாடுதான் என்ற கருத்து வலுத்திருக்கிறது. குட்டிகளின் கழிச்சலில் அரிசி போல உதிரும் மொனீசியா புழுவைப் பெரும்பாலான ஆட்டுக்காரர்கள் அறிவார்கள். அதை ஆட்டுக்குள் கொண்டுசேர்ப்பது நாயல்ல, புல்லில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. நாயின் பங்கு அதில் இல்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

நாடாப்புழுக்களின் வயதைப் பற்றி ஒரு செய்தி. இந்த வட்டாரத்துச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரையின் செந்நிறக் களிமண் பள்ளங்களில், 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது நீந்திய சுறாக்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ அதே காலத்து மியன்மார் மரப்பிசினுக்குள் நாடாப்புழுவின் உடல் பகுதி ஒன்று சிக்கியிருப்பதை 2024இல் அறிவித்தார்கள். சுறா, திருக்கை போன்ற மீன்களின் குடலில் வாழும் நாடாப்புழுக்களின் வகையைச் சேர்ந்தது அது. பிரேசிலில் 27 கோடி ஆண்டுப் பழமையான சுறாவின் கல்லான சாணத்துக்குள் நாடாப்புழு முட்டைகளே கிடைத்திருக்கின்றன. ஆடும் நாயும் மனிதரும் தோன்றும் முன்பே நாடாப்புழுக் குலம் உலகில் இருந்திருக்கிறது. குடலே இல்லாமல், கொழுப்பமிலத்தைத் தானாக உருவாக்கும் திறனையும் இழந்து, எல்லாவற்றையும் அடுத்தவர் உடம்பிலிருந்து உறிஞ்சியே வாழக் கற்றுக்கொண்டதாக 2013இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் எழுதினார்கள். அதை அழித்துவிட முடியாது என்று சோர்ந்துபோகவும் தேவையில்லை. ஐஸ்லாந்து இந்த நோயை விரட்டிவிட்டது. டாஸ்மேனியாவும் நியூசிலாந்தும் கிட்டத்தட்ட விரட்டிவிட்டன. அவை தீவுகள், தெருநாய் இல்லாத இடங்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கும் தொடக்கத்தில் கையில் இருந்தவை மூன்றே: செத்த விலங்கை நாய்க்குக் கொடுக்காதே என்ற பிரசாரம், நாய்க்கு மருந்து, அறுவைக்கூடத்தில் சோதனை.

தமிழகத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பன்றியிலிருந்து வரும் டீனியா சோலியம் நாடாப்புழுவின் இளம்பருவம் மனித மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்குகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் அவரது குழுவினரும் வேலூர் மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, தொடர் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று 2006இல் காட்டினார்கள். அதற்கு முன் வலிப்பையும் பன்றிப் புழுவையும் சேர்த்து யோசித்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர்? அந்தப் புழுவிலும் ஆசிய வகை, ஆப்பிரிக்க-அமெரிக்க வகை என்ற இரண்டு பெருங்கிளைகள் இருப்பதை 2002இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பன்றிக்கான தடுப்பூசியை இன்று ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. ஊரில் எடுத்த கணக்கில் தொடங்கியதால்தான் வேலூரின் பேச்சுக்கு உலகில் மதிப்பு வந்தது.

பெரம்பலூரும் அரியலூரும் இதே போன்ற கணக்கெடுப்பைச் செய்வதற்குத் தடையாக எதுவும் இல்லை. பெரம்பலூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மேற்கே நாமக்கல்லிலும் தெற்கே ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் விவசாயிகளோடு நேரடியாகப் பழகும் வேளாண் அறிவியல் மையங்கள். அரியலூரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நோயாளியின் ஈரலில் இருந்து அறுவையில் எடுத்த கட்டியும், அதே ஒன்றியத்து ஆட்டின் கட்டியும், அங்கே திரியும் நாயின் மலமும் ஒரே ஆய்வுக்கூட மேசைக்கு வந்தால், எந்தக் கிளை எந்த வழியாக மனிதரை அடைகிறது என்பது தெளிவாகிவிடும். கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டை எரிசாராயத்தில் போட்டு மூடி வைத்தால் போதும். பிறகு காக்ஸ்1 எழுத்தைப் படிக்கலாம். கறிக்கடைக்காரர்களை அதற்காக அழைத்துப் பேச வேண்டும், அபராதம் என்று மிரட்டக் கூடாது. கட்டியைக் கண்டதைச் சொல்லும் கடைக்காரர் குற்றவாளியல்ல, முதல் தகவலாளர். அவரை ஊர் பாராட்ட வேண்டும்.

மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிராசிகுவான்டெல் மாத்திரையை நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கொடுத்தால் குடலில் உள்ள இந்தப் புழுக்கள் செத்துவிடும். மருந்து கொடுத்த பிறகு இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து மலத்தைப் புதைக்க வேண்டும், ஏனென்றால் முட்டைகள் மருந்துக்குச் சாவதில்லை. ஆட்டுக்கு அல்பெண்டசோல் கொடுப்பவர்கள் சினைப்பட்ட முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கும் ஆபத்து உண்டு. எதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி ஊருக்கே வருகிறது.

தெருநாய்களைக் கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் பிடிக்கும் வேலையை உள்ளாட்சிகள் ஏற்கெனவே செய்கின்றன. பிடித்த நாய்க்கு அங்கேயே ஒரு பிராசிகுவான்டெல் மாத்திரையும் கொடுத்தால், கூடுதல் ஆளும் வேண்டாம், கூடுதல் வண்டியும் வேண்டாம். இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் இதைத் தங்கள் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கிடை போடும் குடும்பங்களின் காவல் நாய்களிலிருந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.